சூரன் சாகவில்லையே, அதற்குப் பெயர் சம்ஹாரமா?

கடலோரன்:
கந்த சஷ்டி ஆறாம் நாள் மாலை திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்க்க நின்றவர்களுக்குத் தெரியும். முதலில் யானை முகத்தோடு சூரனின் தம்பி தாரகன் வருவான், வேல் பட்டதும் தலை விழும். அப்புறம் இன்னொரு தம்பி சிங்கமுகன். அப்புறம் சூரன் தன் சொந்த முகத்தோடு. கடைசியில் மாமரம். சிறுவயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். மரம் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி மயிலாகிறது, மறு பாதி சேவலாகிறது. ஒன்றின் மேல் முருகன் ஏறிக்கொள்கிறான், மற்றதைக் கொடியில் வைத்துக்கொள்கிறான். இதில் சூரன் எங்கே செத்தான்?

இப்போது தியான வகுப்புகளில் "சூரன் என்பது உங்கள் ஈகோ, அதைக் கொன்றுவிடுங்கள்" என்கிறார்கள். என் கோபத்தைக் கொல்லப் பத்து வருடம் முயன்றேன். அது சாகவில்லை, வீட்டில் இருப்பவர்கள்தான் வாடிப்போனார்கள். கதை சொல்வது வேறு ஏதோ என்று தோன்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெய்ப்பொருள்:
அண்ணா, கதைக்குள் பொருள் தேடுவதற்கு முன் அதை யார் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். காஞ்சிபுரத்தில் கச்சியப்பர் பாடிய கந்தபுராணம் வடமொழி ஸ்காந்த புராணத்தைத் தழுவியது. அதில் தேவர் பக்கம் நியாயம், அவுணர், அதாவது அசுரர், பக்கம் அநியாயம். தோற்றவனை வாகனமாக்கி ஏறி உட்கார்வதை அருள் என்று சொல்வது, வென்றவனின் பேச்சு. அசுரர் என்று யாரைச் சொன்னீர்கள் என்றுதான் சுயமரியாதை இயக்கம் கேட்டது. இது மனசுக்குள் நடக்கும் போர் என்று மாற்றிவிட்டால் அந்தக் கேள்வி சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். இன்றைய ஆன்மிகத்தில் எனக்குப் பிடிக்காதது இதுதான். எந்த இடம் உறுத்துகிறதோ அதை உடனே உருவகம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

தேனருவி:
தம்பி, நான் பதினேழு வருடமாக சஷ்டி விரதம் இருக்கிறேன். "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்று மாமியார் சொல்லித் தொடங்கியது. குழந்தை வரவில்லை. விரதத்தை விடவும் இல்லை. உருவகம் என்று சொல்கிறவர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு, உங்களிடமும் உண்டு. உருவகத்தின் முன்னால் உட்கார்ந்து யாரும் அழ முடியாது. அரசியல் கதையிடம் போய் ஏன் எனக்குத் தரவில்லை என்று சண்டை போட முடியாது. எனக்கு அவன் அங்கே நிற்கிறான், அவ்வளவுதான்.

நல்லூரான்:
வணக்கம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் இதைச் சூரன் போர் என்போம். சூரனைத் தோளில் காவி (சுமந்து) ஆட்டுகிற இளைஞர்களுக்குக் கூட்டத்தில் தனி மதிப்பு. கோயில்களில் கந்தபுராண படிப்பும் உண்டு. ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்வார். பண்டிதமணி கணபதிப்பிள்ளை எங்கள் வாழ்க்கை முறையையே கந்தபுராணக் கலாசாரம் என்றார்.

அந்தப் பயன் சொல்லலில் சூரன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை, உயிரைக் கட்டும் மூன்று மலங்கள். இது தியான வகுப்புகள் கண்டுபிடித்தது அல்ல. ஆனால் சைவ சித்தாந்தத்தில் ஆணவத்தை அழிக்கவே முடியாது. வெளிச்சம் வந்தால் இருட்டு அடங்குகிற மாதிரி அதன் சக்திதான் அடங்கும். அதனால்தான் மயில், அதனால்தான் சேவல். கடலோரன் அண்ணா சிறுவயதில் கேட்டது சரியான கேள்வி. கொல்லச் சொல்கிறவர்கள்தான் பாட்டைப் படிக்கவில்லை.

மெய்ப்பொருள் தம்பிக்கு ஒன்று. புராணத்தில் தேவர்கள் நல்லவர்களாக வருவதில்லை. சிவனை ஒதுக்கிய தக்கன் வேள்வியில் போய் உட்கார்ந்த பாவத்துக்குத்தான் சூரனிடம் துன்பப்படுகிறார்கள். சூரனுக்கு 108 யுகம், 1008 அண்டம் ஆள வரம் கொடுத்ததும் சிவனேதான்.

மெய்ப்பொருள்:
தக்கன் வேள்வி பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறுந்தொகையின் முதல் பாட்டைப் பாருங்கள்: "செங்களம் படக் கொன்று அவுணர்த் தேய்த்த". களமே சிவக்கிறது. திருமுருகாற்றுப்படையிலும் "சூர்முதல் தடிந்த" வேல்தான். அங்கே முருகனுக்கு மயிலும் உண்டு, சேவற்கொடியும் உண்டு, ஆனால் அவைதான் சூரன் என்ற பேச்சே இல்லை. பழைய பாட்டில் வெட்டுகிறான், பின்னால் வந்த புராணத்தில் ஏற்றுக்கொள்கிறான். அப்படியென்றால் மனிதர்கள் இந்தக் கதையை மாற்றியிருக்கிறார்கள். மாறாத தெய்வ உண்மை என்று இதைச் சொல்லாதீர்கள், அதுதான் நான் கேட்பது.

கடலோரன்:
தம்பி, நீங்கள் மறுக்க எடுத்துக்காட்டியது எனக்குப் பெரிய உதவி. இடைப்பட்ட காலத்தில் யாரோ ஒருவருக்கு அவன் சாக வேண்டாம் என்று தோன்றியிருக்கிறது. அந்த மனசைத்தான் நான் கும்பிடுகிறேன் போல. மாறியதால் பொய் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மெய்ப்பொருள்:
பொய் என்று நான் சொல்லவில்லை அண்ணா. மனிதர் செய்தது என்கிறேன். பிளந்து பாதியான பிறகுதான் ஏற்றுக்கொள்ளப்பட்டான் என்பதும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதில் நான் மாறவில்லை.

தேனருவி:
நல்லூரான் அண்ணா, போர்க்களத்தில் முருகன் பெருவடிவம் காட்டும்போது சூரன் பேசுகிற பாட்டு ஒன்று உண்டல்லவா, அதைப் போடுங்கள்.

நல்லூரான்:
"கோலமா மஞ்ஞை தன்னில் குலவிய குமரன் தன்னைப்
பாலன் என்றிருந்தேன் அந்நாள் பரிசிவை உணர்ந்தி லேன்யான்".
சின்னப் பிள்ளை என்று நினைத்தேனே, இவன் தன்மை எனக்குத் தெரியவில்லையே என்கிறான். பெருவடிவம் மறைந்ததும் பழைய கோபம் திரும்பிவிடும். மறுபடி போருக்கு எழுவான்.

தேனருவி:
அந்த இடம்தான். ஒரு கணம் தெரிந்தது, அப்புறம் போய்விட்டது. ஐந்தாம் நாள் இரவில் எனக்கும் எல்லாம் தெளிந்த மாதிரி இருக்கும். விரதம் முடிக்கும் பாரணைக்கு மறுநாளே நாத்தனாரிடம் பழைய சண்டை. எனக்கு இந்தக் கதையில் முருகனைவிட சூரனைத்தான் நன்றாகத் தெரியும்.