மறுமொழி: கீமோபிரிவென்ஷன் – ‘புற்றுமறிப்பு’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மருந்தோ வேறு சேர்மமோ கொடுத்துப் புற்றுநோயை வராமலோ முற்றாமலோ நிறுத்தும் முறைக்கு ஆங்கிலத்தில் கீமோபிரிவென்ஷன் (chemoprevention) என்று பெயர். அதற்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் முன்வைத்த வேதித்தடுப்பு, புற்றுத்தடுப்பு மருந்து, இயற்கை முற்காப்பி என்ற மூன்று பரிந்துரைகளையும் பார்த்தேன். கடைசியை முதலில் ஒதுக்கிவிடலாம். ‘முற்காப்பி’ என்று அச்சிட்டால் கும்பகோணம் டிகிரி காப்பிதான் நினைவுக்கு வரும். ‘இயற்கை’ என்ற அடையும் ஒட்டாது. இத்துறையின் பெரிய வெற்றிகளுள் ஒன்றான டமாக்சிஃபென் ஆய்வகத்தில் செய்த மருந்து. மார்பகப் புற்று வரும் வாய்ப்பு மிகுந்த 13,388 பெண்களிடம் நடந்த சோதனையில் அது நோயை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது 1998இல் வெளிவந்தது.

‘தடுப்பு மருந்து’ என்றால் நம்மவர்கள் தடுப்பூசி என்றே எடுத்துக்கொள்வார்கள். கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்க, இது குழப்பத்தையே கூட்டும். ‘வேதித்தடுப்பு’ என்பதில் தடுப்பது வேதிப்பொருளையா, வேதிப்பொருளாலா என்பது தெளிவாக இல்லை.

1976இல் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் ஸ்போர்ன் கீமோபிரிவென்ஷன் என்ற சொல்லை ஆக்கியபோது, நோய் வருமுன் காப்பதை மட்டும் எண்ணவில்லை. செல் கெடத் தொடங்கியபின், அது பரவும் புற்றாக முற்றுவதற்குள் நிறுத்துவதும் திருப்புவதும் அதில் அடங்கும். வழியில் போய்க்கொண்டிருப்பதை நிறுத்துவதற்கு நம்மிடம் ‘மறித்தல்’ இருக்கிறதே! ஆகவே செயல் புற்றுமறிப்பு, பொருள் புற்றுமறிப்பி. ‘வேதி’ எங்கே என்று கேட்பீர்கள். வினையூக்கியைப் போல இகர ஈறே பொருளைக் குறித்துவிடுகிறது.

இன்னொரு வசதி, மறிப்பது வெல்வதாகாது. 1992இல் அமெரிக்க மருந்தியலாளர் பால் டாலலே குழுவினர் ப்ராக்கோலியிலிருந்து சல்ஃபோராஃபேன் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். நச்சகற்றும் நொதிகளைச் செல்லுக்குள் கூட்டும் சேர்மம் எது என்று சலித்துத் தேடியதில் அகப்பட்டது அது. கண்டுபிடிப்பு அருமையானதுதான். ஆனால் செல்லில் வேலை செய்வதெல்லாம் மனிதரிடம் பலிப்பதில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனையில், கேரட்டில் உள்ள நிறப்பொருளான பீட்டா கரோட்டினை மாத்திரையாக உட்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடுதலாக வந்தது என்று 1994இல் தெரிந்தது. எனவே ‘புற்றுக்கொல்லி’, ‘புற்றுநீக்கி’ போன்ற ஆக்கங்களை நான் ஏற்கவே மாட்டேன். மஞ்சள்தூளை மாத்திரையாக்கி விற்பவர்கள் மறுநாளே புட்டியில் ஒட்டிவிடுவார்கள். ஆய்வு நிலையிலுள்ள சேர்மங்களுக்குப் ‘புற்றுமறிப்புத் திறன் எதிர்பார்க்கப்படும் சேர்மம்’ என்று நீட்டியே எழுதலாம்.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. புற்று ஆய்வாளர் லீ வாட்டன்பர்க் இப்பொருள்களை இரண்டாகப் பிரித்தார்: புற்றூக்கிகள் (புற்றை உண்டாக்கும் பொருள்கள்) செல்லின் இலக்கைத் தொடாமல் செய்பவை ஒரு வகை, அவை தொட்டபின் விளையும் மாற்றத்தை அமுக்குபவை இன்னொரு வகை. பின்னதை ‘ஒடுக்கி’ எனலாம். முன்னதற்கும் ‘மறிப்பி’ என்றே வாய் வருகிறது. ஆனால் தாய்ச்சொல்லையே உட்பிரிவுக்கும் இட முடியாதே. ‘அணுகுதடுப்பி’ என்பது என் பரிந்துரை. இதைவிடச் சுருக்கமாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.