புதுப்பிப்பு: புது கார் கதை பழைய காரில் வந்து நின்றது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேனே, ஷோரூமில் ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று 8,500 ரூபாய் கேட்டதையும், இன்சூரன்ஸை அவர்களிடமே எடுத்தால்தான் டெலிவரி என்றதையும்? “அதை எழுத்தில் கொடுங்க சார்” என்றதும் மேனேஜர் குரல் இறங்கிவிட்டது. ஆனால் எனக்கு மனசு விட்டுப்போச்சு, புக்கிங்கை ரத்து செய்துவிட்டேன். முன்பணம் திரும்பி வர 17 நாள், ஒன்பது போன்.

கடைசியில் சித்தப்பாவின் நண்பரிடம் ஆறு வருடம் ஓடிய ஸ்விஃப்ட். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம், அடிபட்ட வண்டி இல்லை. பரிவாஹன் என்ற அரசின் வாகனப் பதிவுத் தளத்தில் பார்த்தால் வங்கிக் கடன் ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) அப்படியே நிற்கிறது! எப்போதோ கட்டி முடித்தாராம், நீக்கத்தான் மறந்திருக்கிறார். வங்கியில் என்ஓசி (கடன் பாக்கி இல்லை, ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) வாங்கி, கடன் பதிவை நீக்கும் படிவம் 35 கொடுத்து அவர் அதை எடுத்த பிறகுதான் முழுப் பணம் கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30.

நான் எதிர்பார்க்காதது ஒன்று: அவருடைய இன்சூரன்ஸ் பாலிசியில் இருந்த நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காமல் இருந்ததற்கான பிரீமியத் தள்ளுபடி, எனக்கு வராது. அது ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை. வித்தியாசத் தொகையை நான்தான் கட்டினேன்.

ஏசி கொஞ்சம் முனகுகிறது. ஞாயிற்றுக்கிழமை காட்டணும்.