சினிமா, டிவி ஆய்விதழ் நல்லதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

சின்னத்திரை_ஆய்வு

தமிழ் நெடுந்தொடர்களில் வீடு காட்டப்படும் விதம் பற்றிய முனைவர் பட்ட ஆய்வு. அதில் ஒரு இயலை ஆங்கிலக் கட்டுரையாக்கி ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற ஆய்விதழ்களின் 'கேர்' பட்டியல் இருந்தவரை அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 2025 பிப்ரவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது கைடு "ஸ்கோபஸ்ல இருந்தா சரி" என்கிறார் (ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களின் மேற்கோள் தரவுத்தளம்), துறையில் இன்னொருவர் "இம்பாக்ட் ஃபேக்டர் பாருங்க" என்கிறார். இதற்கிடையில் ஒரு இதழிலிருந்து அழைப்பு மின்னஞ்சல்: இம்பாக்ட் ஃபேக்டர் 7க்கு மேல், ஐந்தே நாளில் சக ஆய்வாளர் மதிப்பீடு, கட்டணம் 3,500 ரூபாய். சினிமா, டிவி ஆய்வுக்கென்று இருக்கும் இதழ்களை எப்படித் தரம் பார்ப்பது? என் தலைப்புக்கு எது பொருந்தும்?

மூன்றாம்_தட்டு

அந்த மின்னஞ்சலை அழித்துவிடலாம். நம் துறையில் 7 என்ற எண்ணே அதைக் காட்டிக்கொடுக்கிறது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது இம்பாக்ட் ஃபேக்டர். சினிமா ஆய்வில் ஒரு கட்டுரை மதிப்பீடு முடிந்து அச்சேறவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அடிக்குறிப்புகளில் பெரும்பகுதி புத்தகங்கள். 'ஸ்க்ரீன்' என்ற சினிமா ஆய்விதழில் 1975இல் வந்த, திரைக் கோட்பாட்டாளர் லாரா மல்வியின் கட்டுரை இன்றும் ஓயாமல் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த இரண்டாண்டுக் கணக்கில் அதற்குப் பூஜ்யம்தான். ஆகவே மதிப்புள்ள சினிமா இதழின் எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் பதற வேண்டாம். ஊடகவியல் பக்கம் சாய்ந்தவற்றுக்குக் கொஞ்சம் கூடும்.

இம்பாக்ட் ஃபேக்டர் என்று கிளாரிவேட் நிறுவனம் கணக்கிட்டு வெளியிடுவதுதான் கணக்கில் சேரும். எஸ்ஜேஐஎஃப் போன்ற எழுத்துகளோடு வரும் எண்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கலை, மனிதப்பண்பியல் (ஹ்யுமானிட்டீஸ்) இதழ்கள் பலவற்றுக்கு கிளாரிவேட்டே 2023 வெளியீட்டில்தான் முதன்முதலாக எண் கொடுத்தது. "2015 முதல் எங்கள் இம்பாக்ட் ஃபேக்டர்" என்று வரலாறு காட்டும் சினிமா இதழைக் கண்டால் கிளாரிவேட் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

ஐஎஸ்எஸ்என் தரச்சான்று இல்லை, இதழுக்குத் தரப்படும் அடையாள எண். தொடர்ந்து வரும் எந்த வெளியீடும் விண்ணப்பித்து வாங்கலாம். அதன் பயன் வேறு: ஐஎஸ்எஸ்என் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் வரும் இதழ்ப்பெயர், பதிப்பாளர், இணைய முகவரி மூன்றும் நீங்கள் பார்க்கும் தளத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், நிஜ இதழின் பெயரையும் எண்ணையும் திருடிப் போட்ட போலித் தளமாக இருக்கலாம்.

கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளமான டிஓஐ எண்ணைச் சொடுக்கிப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்துடையது 10.1093 என்றும், சேஜ் 10.1177 என்றும் தொடங்கும். 10.5281 என்று தொடங்கினால் அது ஸெனோடோ களஞ்சியம். கணக்கு வைத்திருக்கும் எவரும் அங்கே கோப்பை ஏற்றி எண் வாங்கலாம். "ஒவ்வொரு கட்டுரைக்கும் டிஓஐ உண்டு" என்ற விளம்பரத்தின் பின்னால் பல சமயம் இருப்பது இவ்வளவுதான்.

ஃப்ரேம்_24

எல்லாம் சரி. ஆனால் நேர்முகத் தேர்வுக் குழு இதழைப் பிரித்துப் படிக்கப் போவதில்லை, "ஸ்கோபஸா, க்யூ1ஆ" என்றுதான் கேட்கும் (ஒரு பிரிவின் இதழ்களை மேற்கோள் அளவுப்படி நான்காகப் பிரித்தால் மேல் கால்பகுதி க்யூ1, கடைசி க்யூ4). அதையும் பேசுவோம்.

ஸ்கோபஸில் இருப்பதாக இதழ் சொல்வதை நம்பக் கூடாது. ஸ்கோபஸ் தளத்தின் 'சோர்ஸஸ்' பக்கம் சந்தா இல்லாமலே திறக்கும். பெயரால் தேடாமல் ஐஎஸ்எஸ்என்னால் தேடுங்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்ற வரிதான் முக்கியம். "2021 வரை" என்று நின்றிருந்தால் இப்போது வரும் கட்டுரைகள் சேர்வதில்லை. நீக்கப்பட்ட இதழ்களின் பட்டியலைத் தனி எக்செல் கோப்பாகவும் வெளியிடுகிறார்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. பெயர் மாறிய இதழும் பழைய பெயரில் நின்றுபோனது போலவே தெரியும். 'சினிமா ஜர்னல்' 2018இல் 'ஜர்னல் ஆஃப் சினிமா அண்ட் மீடியா ஸ்டடீஸ்' ஆனது. பழைய பெயரைத் தேடிவிட்டு "அது போச்சு" என்று முடிவு கட்டக் கூடாது.

க்யூ1, க்யூ2 விஷயத்தில், ஒரே இதழ் 'காட்சி, நிகழ்த்துகலை' என்ற பிரிவில் க்யூ1 ஆகவும் 'தகவல்தொடர்பு' பிரிவில் க்யூ3 ஆகவும் இருக்கலாம். முதல் பிரிவில் எல்லா இதழுக்குமே மேற்கோள் குறைவு, கொஞ்சம் கிடைத்தாலே மேலே வந்துவிடும். விண்ணப்பத்தில் பிரிவையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

மறுவாசிப்பு

மேலே சொன்னதெல்லாம் போலியைக் கழிக்க உதவும். நல்லதைக் கண்டுபிடிக்க இதழைப் படித்தாக வேண்டும். கடைசி இரண்டு ஆண்டு இதழ்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆண்டுக்கு நான்கு வரும் 'ஸ்க்ரீன்' என்றால் எட்டு, ஆண்டுக்கு இரண்டு வரும் 'பயோஸ்கோப்' என்றால் நான்கு. சந்தா இல்லாமலே உள்ளடக்கமும் கட்டுரைச் சுருக்கமும் கிடைக்கும். முழுதாக மூன்று கட்டுரை படித்தால் போதும்.

படிக்கும்போது சான்று எப்படி வைக்கப்படுகிறது என்று பாருங்கள். படம் என்றால் இயக்குநர், நாடு, ஆண்டு. தொடர் என்றால் எந்தச் சேனல், எத்தனையாவது எபிசோடு, ஒளிபரப்பான தேதி, எத்தனையாவது நிமிடம். ஒரு ஸ்டில் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டாலும் வாதம் நிற்கிறதா? நின்றால் அது அலங்காரம். மோசமான இதழில் கூகுளில் எடுத்த போஸ்டர் இருக்கும், நான்கு பக்கம் கதைச்சுருக்கம் இருக்கும், "இப்படம் பெரும் வரவேற்பைப் பெற்றது" என்று முடியும். அதே இதழில் சினிமாக் கட்டுரைக்கு அடுத்து மருந்தியலும் மண் பரிசோதனையும் இருந்தால் யார் மதிப்பிட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

நல்ல இதழிலும் எல்லாப் பக்கமும் ஒரே தரத்து மதிப்பீட்டைத் தாண்டி வருவதில்லை. 'ஜர்னல் ஆஃப் சினிமா அண்ட் மீடியா ஸ்டடீஸ்' இதழில் 'இன் ஃபோகஸ்' என்ற பகுதி ஒரு தலைப்பை ஒட்டிய குறுங்கட்டுரைகளின் தொகுப்பு. 'ஸ்க்ரீன்' இதழிலும் ஆய்வுக் கட்டுரை போக விவாதம், தொகுப்பு, நூல் மதிப்புரை உண்டு. படிக்க அவைதான் பல சமயம் சுவாரசியம். ஆனால் பல்கலைக்கழகம் "மதிப்பீடு செய்யப்பட்ட ஆய்வுக் கட்டுரை" கேட்டால் அவை சேருமா என்பது சந்தேகம்.

ஆசிரியர் குழுவில் நான்கு பெயரை எடுத்து, அவரவர் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழ் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேட்காமலே பெயர் போட்டுக்கொள்ளும் இதழ்கள் இருக்கின்றன.

உங்கள் தலைப்புக்கு முதலில் 'பயோஸ்கோப்'. 2010 முதல் சேஜ் வெளியிடும் தெற்காசியத் திரை ஆய்விதழ், சினிமாவோடு டிவியும் வீடியோவும் அதன் எல்லைக்குள் வரும். நெடுந்தொடர் என்றால் என்ன என்று முதல் இரண்டு பக்கம் பாடம் நடத்த வேண்டியதில்லை. செட், ஒளி, கேமரா என்று வடிவத்தைப் பற்றிய வாதமானால் 'கிரிட்டிகல் ஸ்டடீஸ் இன் டெலிவிஷன்'. தயாரிப்பு நிறுவனம், விளம்பரம், பார்வையாளர் என்று போனால் 'டெலிவிஷன் அண்ட் நியூ மீடியா'. 'ஸ்க்ரீன்' இரண்டையும் ஏற்கும், ஆனால் அங்கே கோட்பாட்டு வாதம் கனமாக இருக்க வேண்டும். ஒரு இயலைச் சுருக்கி அனுப்பினால் எடுபடுவது கடினம்.

கட்டணம் பற்றி: 'ஸ்க்ரீன்', 'பயோஸ்கோப்' இரண்டிலும் சந்தா வழியில் வெளியிடப் பணம் இல்லை. திறந்த அணுக்கம் (யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுவது) வேண்டும் என்றால்தான் கேட்பார்கள், அதை மறுக்கலாம். அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழகத்து 'ஆல்ஃபாவில்', ஐரோப்பிய 'நெக்சஸ்' இரண்டும் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இலவசம். கட்டணம் இருப்பதாலேயே போலி என்றோ, இலவசம் என்பதாலேயே மட்டம் என்றோ ஆகாது.

நெடுந்தொடர் கட்டுரைகள் மதிப்பீட்டாளர் கைக்கே போகாமல் திரும்ப ஒரு காரணம்: யூடியூப் இணைப்பை மட்டும் சான்றாகக் கொடுப்பது. அங்கே ஏற்றிய தேதி ஒளிபரப்பான தேதி ஆகாது, எபிசோடும் துண்டு துண்டாக இருக்கும், நாளை நீக்கப்படலாம். எபிசோடு எண், ஒளிபரப்புத் தேதி இரண்டையும் இப்போதே அட்டவணை போட்டு வையுங்கள்.

சின்னத்திரை_ஆய்வு

மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். பட்டம் பெறக் கட்டுரை கட்டாயமா? துறைத் தோழி ஒருவர் அந்த ஐந்து நாள் இதழுக்குக் கட்டுரையை அனுப்பிவிட்டார், பணம் கட்டவில்லை. திரும்பப் பெற முடியுமா?

மூன்றாம்_தட்டு

யுஜிசியின் 2022 விதிமுறையில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்துக்கொள்ளலாம், கேர் நின்ற பிறகு எந்த இதழை ஏற்பது என்பதும் நிறுவனத்தின் பொறுப்புதான். ஆராய்ச்சிப் பிரிவின் சுற்றறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் வைவா (வாய்மொழித் தேர்வு) சமயத்தில் கைகொடுக்காது.

தோழி இன்றே மின்னஞ்சலில், கட்டுரைத் தலைப்பும் அனுப்பிய தேதியும் குறிப்பிட்டு, திரும்பப் பெறுவதாகவும் வெளியிட அனுமதி இல்லை என்றும் எழுதட்டும். காப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடாமல் இருந்தால் உரிமை அவரிடமே இருக்கிறது. இந்தியச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். "திரும்பப் பெறக் கட்டணம்" கேட்டால் கொடுக்க வேண்டாம். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், பிறகு அந்தத் தளத்தில் கட்டுரை ஏறியிருக்கிறதா என்று தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பார்க்கட்டும். ஏறாமல் இருந்தால் வேறு இதழுக்கு அனுப்பலாம். ஏறியிருந்தால் அடுத்த இதழின் ஆசிரியருக்கு முகப்புக் கடிதத்திலேயே நடந்ததைச் சொல்லி, எழுதிய மின்னஞ்சல்களையும் இணைக்க வேண்டும். மறைத்தால் எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருள் முதல் நாளே பிடித்துவிடும்.