சிகாகோவிலிருந்து சியாட்டில் வரை காரில்: வழியில் அரை நாள் கிடைத்தால் தேசியப் பூங்காவுக்குப் போகலாமா?

புதுவழி:
வணக்கம். வேலை மாற்றத்தால் ஜூன் நடுவில் சிகாகோவிலிருந்து சியாட்டிலுக்குக் குடிபெயர்கிறோம். 2,000 மைலுக்குச் சற்று மேல், முழுக்கக் காரில்தான். நானும் கணவரும் மாறி மாறி ஓட்டுவோம். பின் இருக்கையில் எட்டு வயது மகளும் மூட்டு வலி உள்ள அம்மாவும். ஐ-90 நெடுஞ்சாலையைப் பிடித்துப் போகிறோம். வேலையில் சேரும் தேதி முடிவாகிவிட்டதால் வழியில் அரை நாள்தான் மிச்சம். அந்த நேரத்தில் யெல்லோஸ்டோனை எட்டிப் பார்க்கலாமா? தெற்கு டகோட்டாவில் இருக்கும் பேட்லேண்ட்ஸ் போதுமா? இல்லை, எதுவும் வேண்டாமென்று நேரே போய்விடலாமா? வீட்டில் ஆளுக்கொரு கருத்து.

நெடுஞ்சாலை:
யோசிக்கவே வேண்டாம், பேட்லேண்ட்ஸ். காரணம் எளிது: அது உங்கள் வழியிலேயே இருக்கிறது. ஐ-90-இல் 131-ஆம் எக்ஸிட்டில் இறங்கி, 240-ஆம் எண் வளையச் சாலையில் பூங்காவுக்குள் புகுந்து, வால் என்ற சிற்றூரில் 110-ஆம் எக்ஸிட்டில் மீண்டும் ஏறிக்கொள்ளலாம். நெடுஞ்சாலையிலேயே போனால் 21 மைல், பூங்கா வழியாகப் போனால் ஏறக்குறைய 40 மைல். கூடுதல் தூரம் அவ்வளவுதான். எங்கும் நிற்காமல் ஓட்டினால் ஒரு மணி நேரம், நின்று நிதானமாகப் பார்த்தால் மூன்று நான்கு மணி நேரம். ஒரு காருக்கு 30 டாலர் நுழைவுக் கட்டணம்.

காட்டுவாசி:
எனக்கு இதில் உடன்பாடில்லை. பேட்லேண்ட்ஸ் குறைந்த இடம் என்று சொல்லவில்லை. வண்டியை நிறுத்துவது, கைப்பிடிக் கம்பியருகே நின்று படம் எடுப்பது, அடுத்த நிறுத்தத்துக்கு ஓடுவது என்று ஒரு பூங்காவைப் பார்த்தால் அது பார்த்ததில் சேராது. அந்த நிலம் கேட்பது அமைதியையும் நேரத்தையும். அதைவிட முக்கியமானது ஓட்டுபவரின் களைப்பு. நாள் முழுக்க ஓட்டிவிட்டு, மிச்ச நேரத்தையும் வளைவு நெளிவான சாலையில் செலவழித்தால் மறுநாள் யார் விழிப்போடு ஓட்டுவது? அந்த அரை நாளைத் தூக்கத்துக்குக் கொடுங்கள். சியாட்டில் போய்ச் சேர்ந்தபின் ரெய்னியர், ஒலிம்பிக், நார்த் காஸ்கேட்ஸ் என்று மூன்று தேசியப் பூங்காக்கள் பக்கத்திலேயே காத்திருக்கின்றன. வார இறுதிகளில் ஆற அமரப் பார்க்கலாம்.

நெடுஞ்சாலை:
அண்ணா, களைப்பு பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் நாள் முழுக்க நேர்கோட்டுச் சாலையில் ஒரே வேகத்தில் போவதுதான் கண்ணைச் சொக்க வைக்கும். தெற்கு டகோட்டாவில் ஐ-90-இன் வேக வரம்பு மணிக்கு 80 மைல். மிசௌரி ஆற்றைத் தாண்டினால் இருபுறமும் புல்வெளிதான். அந்த ஓட்டத்தின் நடுவே மெதுவாகப் போய், இறங்கி நடந்து, காற்று வாங்குவது களைப்பைக் கூட்டாது, குறைக்கும்.

பேட்லேண்ட்ஸைப் பொறுத்தவரை அந்த வளையச் சாலையே பூங்காவுக்குள்தான் ஓடுகிறது. அடுக்கடுக்கான பாறை, மஞ்சள் மேடுகள், சுவர் போல எழும்பி நிற்கும் முகடுகள் எல்லாம் கார்க் கண்ணாடிக்கு வெளியேயே. மகளுக்குச் சொல்ல ஒரு செய்தி: அந்தப் பாறை அடுக்குகளில் மிகப் பழையது சுமார் 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன், அங்கே கடல் இருந்த காலத்தில் படிந்தது. மழையும் ஆறும் அதை அறுக்கத் தொடங்கியது 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். இப்போதும் ஆண்டுக்கு ஓர் அங்குலம் வரை கரைகிறது. 2010-இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பார்வையாளர் மையத்துக்கு அருகிலேயே வாள்பல் விலங்கின் மண்டையோட்டுப் புதைபடிவத்தைக் கண்டு, அதிகாரிகளிடம் போய்ச் சொன்னாள். அவளும் அங்கே வாரக்கணக்கில் தங்கப் போனவள் இல்லை, சுற்றிப் பார்க்க வந்த குழந்தைதான்.

மூன்றாம்கண்:
இருவரும் யெல்லோஸ்டோனை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட்டீர்களே! 1872-இல் உருவான உலகின் முதல் தேசியப் பூங்கா அது. அதன் வாசலைத் தாண்டிப் போகிறவர்களிடம் "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மொன்டானாவில் லிவிங்ஸ்டன் ஊரில் ஐ-90-ஐ விட்டு இறங்கினால் வடக்கு வாசலான கார்டினர் 53 மைல். அங்கிருந்து 5 மைலில் மாமத் வெந்நீர் ஊற்றுகள். சூடான நீர் நிலத்தடிச் சுண்ணாம்பைக் கரைத்து மேலே கொண்டுவந்து படிப்படியாக வெள்ளை மேடைகளைக் கட்டியிருக்கிறது. சுற்றிவர மரப்பலகை நடைபாதை. பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பலாம். அம்மாவுக்கு மறுபடி இப்படி ஒரு வாய்ப்பு எப்போது கிடைக்கும்? பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்த எத்தனையோ பயணங்கள் நடக்காமலே போயிருக்கின்றன.

காட்டுவாசி:
"மாமத் மட்டும்" என்று போகிறவர்கள் மாமத்தோடு நிற்பதில்லை, அதுதான் சிக்கல். உள்ளே நுழைந்ததும் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற பீறிடும் வெந்நீர் ஊற்றையும் பார்த்துவிடலாமே என்று தோன்றும். மாமத்திலிருந்து அது 51 மைல். பூங்காவுக்குள் வேக வரம்பு பெரும்பாலும் 45 மைல்தான். எருமைக்கூட்டம் (பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமை) சாலையில் இறங்கிவிட்டால் அது விலகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். போய்ச் சேர்ந்தாலும் அந்த வெந்நீர் ஊற்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பீறிடும். இப்போதுதான் அடங்கியது என்றால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். பூங்காவின் பரப்பு ரோட் ஐலண்ட், டெலவேர் என்ற இரண்டு மாநிலங்களைச் சேர்த்ததைவிடப் பெரியது. அரை நாளில் அதில் எதைப் பார்ப்பது?

இன்னொன்றும் இருக்கிறது. அவசரத்தில் இருப்பவர்கள்தான் விலங்குகளை நெருங்குகிறார்கள். எருமையிடமிருந்து 25 கஜம், கரடி, ஓநாயிடமிருந்து 100 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்ற நினைப்பில் அந்தத் தூரத்தைச் சுருக்கி, முட்டுப்பட்டவர்கள் உண்டு. குழந்தையோடு போகிறவர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்வேன்.

மூன்றாம்கண்:
மாமத்தோடு திரும்பும் உறுதி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பயணியின் கையில் இருக்கிறது. அதற்காக வாசலுக்கே போகாதே என்பது என்ன நியாயம்?

நெடுஞ்சாலை:
இங்கே நான் காட்டுவாசி அண்ணன் பக்கம். லிவிங்ஸ்டனிலிருந்து போய்வரவே 116 மைல். அதற்குப் பிறகும் சியாட்டிலுக்கு 700 மைல் மிச்சம் இருக்கும். லுக்அவுட், ஸ்னோக்வால்மி போன்ற கணவாய்களையும் ஏறி இறங்க வேண்டும். பயணத்தின் கடைசிப் பகுதியில், உடம்பு அலுத்திருக்கும்போது அந்தச் சுமையை ஏற்றக் கூடாது. சாலையை விட்டு விலகிப் போக வேண்டிய பூங்காவுக்குக் குறைந்த நேரம் ஆகாது. சாலையோடு சேர்ந்த பூங்காவுக்கு அதே நேரம் தாராளம்.

சமவெளி:
குறுக்கிடுகிறேன். ஐ-94 வழியாகவும் போகலாமே? வடக்கு டகோட்டாவில் தியோடர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்கா நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. 32-ஆம் எக்ஸிட்டில் பெயின்டட் கேன்யன் காட்சிமுனை, காரை நிறுத்தினால் பள்ளத்தாக்கு முழுவதும் கண்முன். பில்லிங்ஸில் ஐ-90-உடன் சேர்ந்துவிடலாம்.

புதுவழி:
நன்றி. ஐ-90-ஐ மாற்ற முடியாது, வழியில் ஓரிரவு உறவினர் வீட்டில் தங்குகிறோம். எனக்கு இப்போது தெரிய வேண்டியது: பேட்லேண்ட்ஸில் அம்மாவால் என்னவெல்லாம் பார்க்க முடியும்? எந்த நேரத்தில் போவது நல்லது?

நெடுஞ்சாலை:
நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். நடுப்பகலில் போகாதீர்கள். ஜூனில் வெயில் கொளுத்தும், நிழல் கிடையாது, பாறையின் நிறங்களும் வெளிறித் தெரியும். தெற்கு டகோட்டாவின் கிழக்கு ஓரத்தில் உள்ள சூ ஃபால்ஸ் நகரிலிருந்து 131-ஆம் எக்ஸிட் 265 மைல். மேற்கே போகும்போது நேர மண்டலம் மாறி ஒரு மணி நேரம் உங்களுக்குக் கூடும். முற்பகலில் நிதானமாகக் கிளம்பி, வழியில் சாப்பிட்டு, மாலை நான்கு மணிக்கு மேல் பூங்காவுக்குள் நுழையுங்கள். சூரியன் மறைய எட்டரை மணி ஆகிவிடும். நிழல் நீள நீள ஒவ்வொரு அடுக்கின் சிவப்பும் மஞ்சளும் தனியே எழுந்து நிற்கும்.

முதலில் பிக் பேட்லேண்ட்ஸ் காட்சிமுனை, நுழைந்த உடனே வரும். அடுத்த வாகன நிறுத்தத்தில் விண்டோ பாதை, போய்வரக் கால் மைல்தான். அம்மா மெதுவாக நடந்து போகலாம். அங்கேயே தொடங்கும் டோர் பாதையின் முதல் பகுதியிலும் மரப்பலகை போட்டிருக்கிறார்கள். நாட்ச் பாதையில் மர ஏணி ஏற வேண்டும், அதை இந்த முறை விட்டுவிடுங்கள். பார்வையாளர் மையம் மூடுவதற்கு முன் போனால் மகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் என்ற சிறுவர் செயல்பாட்டுப் புத்தகம் கிடைக்கும். அப்புறம் புதைபடிவக் கண்காட்சிப் பாதை, அதுவும் கால் மைல். தரையில் எலும்பு போல எதையாவது பார்த்தால் தொடாமல் சொல்லச் சொல்லுங்கள், எடுப்பது சட்டப்படி குற்றம். கடைசியாக பினாக்கிள்ஸ் காட்சிமுனையில் சூரிய மறைவு. அங்கிருந்து வால் பத்து மைலுக்குள். அன்றிரவு அங்கேயே தங்குங்கள். தயவுசெய்து ரேபிட் சிட்டி வரை இழுக்காதீர்கள்.

காட்டுவாசி:
வாலில் தங்குவது என்றால் என் எதிர்ப்பில் பாதி போய்விடுகிறது. இருட்டில், விலங்குகள் நடமாடும் நேரத்தில், இன்னும் 50 மைலுக்கு மேல் ஓட்டுவார்களோ என்பதுதான் என் பயம். மறுபாதி அப்படியே இருக்கிறது. ஒன்று செய்யுங்கள்: இந்தப் பட்டியலில் பாதியை வெட்டிவிட்டு, ஏதாவது ஓரிடத்தில் முழுதாக ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். அம்மாவுக்கு மடக்கு நாற்காலி ஒன்று டிக்கியில் இருக்கட்டும்.

புதுவழி:
முடிவு செய்துவிட்டோம். மாலையில் பேட்லேண்ட்ஸ், இரவு வாலில். விண்டோ பாதை, புதைபடிவப் பாதை, பினாக்கிள்ஸ் மூன்று மட்டும். நாற்காலி எடுத்து வைக்கிறோம். மகள் எருமை பார்க்க வேண்டும் என்கிறாள், அதற்கு எங்கே போவது?

காட்டுவாசி:
பினாக்கிள்ஸ் அருகே பிரியும் சேஜ் க்ரீக் சாலையில் போங்கள், எருமை மேயும் பக்கம் அது. ஐந்து மைல் தள்ளிப் புல்வெளி நாய்களின் (வளை தோண்டி வாழும் அணில் இனச் சிறு விலங்குகள்) பெரிய குடியிருப்பும் இருக்கிறது, எருமை கண்ணில் படாவிட்டாலும் மகள் ஏமாற மாட்டாள். அது சரளைச் சாலை. மழை பெய்து ஈரமாக இருந்தால் அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம். பூங்காவுக்குள் பெட்ரோல் கிடைக்காது, நெடுஞ்சாலையை விட்டு இறங்குவதற்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள். தண்ணீர் தாராளமாக இருக்கட்டும்.