மின்சாரம் வரும் நேரம் தினமும் மாறும் வீட்டில் காலை, இரவுப் பழக்கங்களை எப்படி நிலைநிறுத்துவது?

நான்காம் மாடி, தம்வே – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். யாங்கோனில் தம்வே பக்கம், மின்தூக்கி இல்லாத கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் குடியிருக்கிறேன். வயது 41. சரக்கு அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கணவர் கப்பலில் வேலை செய்வதால் ஆண்டில் எட்டு மாதம் வீட்டில் இருப்பதில்லை. பதினான்கும் ஒன்பதும் வயதான இரண்டு பையன்களையும், சர்க்கரை நோயுள்ள மாமியாரையும் நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன்.

கடந்த ஓராண்டில் மூன்று முறை எனக்கென்று ஒரு நாள்முறையை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். காலை ஐந்து மணிக்கு எழுவது, மொட்டை மாடியில் நடப்பது, ஆசனம், தியானம், முகத்துக்குத் தனக்கா மரக்கட்டையை அரைத்துப் பூசுவது, இரவில் புத்தகம் என்று அதில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. மூன்று முறையும் பத்தாம் நாளைத் தாண்டவில்லை. சோம்பல் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தெருவுக்கு மின்சாரம் முறைவைத்து வருகிறது. நள்ளிரவு ஒரு மணிக்கு வந்தால், அந்நேரத்தில் எழுந்து மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பி, அரிசியைக் குக்கரில் வைத்து, பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைக்கும் பச்சை லுங்கிக்கும் இஸ்திரி போட்ட பிறகுதான் மறுபடி படுக்க முடியும். அப்படிப்பட்ட இரவுக்குப் பின் ஐந்து மணிக்கு எழுவது தண்டனையாகவே தோன்றுகிறது. ஒரு நாள் தவறினால் மனம் விட்டுப்போகிறது, அதோடு அந்த வாரமும் போய்விடுகிறது.

இதற்கிடையில் பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிகிறது. மழை தொடங்கியதிலிருந்து கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். தோள்பட்டை இறுகிக் கிடக்கிறது. மாலையில் பிள்ளைகள் மீது காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன். பன்னிரண்டு வரிகளில் எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை விட்டுவிடுவது, வைத்துக்கொண்டவற்றை எப்படி விடாமல் செய்வது என்பதை, இந்த ஊரில் இதே நிலையில் வாழ்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வார்டு விளக்கு, பெகு – பதில்

அக்கா, நான் செவிலி. இரவுப் பணி, பகல் பணி என்று மாறிமாறி வருவதால் உங்கள் சிக்கல் எனக்கு நன்றாகவே புரிகிறது. பழக்கத்தைக் கடிகாரத்தோடு கட்டியதுதான் உங்கள் பட்டியலின் கோளாறு என்று நினைக்கிறேன். எப்படியும் நடந்தே தீரும் ஒரு செயலோடு அதைக் கட்டிப் பாருங்கள். மின்சாரம் எப்போது வந்து எப்போது போனாலும், காலையில் தேநீருக்குத் தண்ணீர் வைக்காமல் இருக்க மாட்டீர்கள்; இரவில் கதவைத் தாழிடாமல் படுக்க மாட்டீர்கள். கெட்டிலை அடுப்பில் வைத்ததும் ஒன்று, சாமி விளக்கு ஏற்றியதும் ஒன்று, தாழ்ப்பாள் போட்டதும் ஒன்று என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

ஒரு நாள் தவறியதற்காக மனம் விட வேண்டியதில்லை. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் படிய, சராசரியாக 66 நாள் ஆனதாகக் கண்டார்கள். சிலருக்கு 18 நாளிலேயே படிந்தது. சிலருக்கு 254 நாள்வரை தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது, பழக்கம் படிவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. பத்தாம் நாளில் நீங்கள் தோற்றுவிட்டதாக எண்ணியது, நாற்று நட்ட பத்தாம் நாளே கதிரைத் தேடியதைப் போலத்தான்.

இனி உடம்புக்கு வருகிறேன். ஈறில் இரத்தம் வந்தால் பலரும் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அழுக்கு அங்கேயே படிந்து வீக்கம் கூடுகிறது. மென்மையான தூரிகையால் ஈறின் ஓரத்தோடு சேர்த்துத் துலக்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் இரண்டு நிமிடம், ஃப்ளோரைடு உள்ள பற்பசை. இரண்டில் எதை விட்டாலும் இரவு வேளையை விடாதீர்கள், ஏனென்றால் உறங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடுவதால் பல்லுக்கு இயல்பான காவல் இருப்பதில்லை. துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் அதோடு போய்விடும். இரண்டு வாரத்தில் கசிவு நிற்கவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நம் ஊர் என்பதால் சொல்கிறேன்: வெற்றிலை போடும் வழக்கம் இருந்தால் பாக்கை விட்டுவிடுவது நல்லது. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்துவிட்டது.

சேற்றுப்புண்ணுக்கு முதல் மருந்து ஈரம் இல்லாமை. தாழ்ப்பாள் போட்டதும் காலைக் கழுவி, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் அதற்கென்று வைத்த தனித் துணியால் ஒற்றி எடுங்கள். க்ளோட்ரிமசோல் களிம்பு தடவினால், புண் மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். பாதியில் நிறுத்துவதால்தான் அது திரும்ப வருகிறது. நாம் எல்லோரும் விரும்பி அணியும் வெல்வெட் செருப்பு, ஒரு முறை மழையில் நனைந்தால் இரண்டு நாளுக்குக் காயாது. மழைக்காலம் முடியும்வரை ரப்பர் செருப்புக்கு மாறிவிடுங்கள்.

தனக்காவை விட்டுவிடாதீர்கள். அந்த மரம் நம்மவர்கள் மகாவில்வம் என்று சொல்லும் மரமேதான். கட்டையை வட்டக்கல்லில் தண்ணீர் விட்டு அரைக்கும் அந்த இரண்டு நிமிடமும், முகத்தில் அது காயும்போது வரும் குளிர்ச்சியும் மனத்துக்கு நல்லவை என்பது என் சொந்தக் கருத்து. ஆனால் நண்பகல் வெயிலுக்கு அது ஒன்றே போதுமென்று எண்ணக் கூடாது, குடையும் வேண்டும். இரவில் கழுவிவிட்டுப் படுங்கள்.

மோல்மேன் வாத்தியார் – பதில்

அம்மா, உங்கள் மாமியாருக்குச் சர்க்கரை நோய் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். என் கண் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. எனக்கு வயது 69. பதினேழு ஆண்டுகளாக இந்த நோயோடு வாழ்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பங்குனி வெயிலில், உச்சிவேளையில் ஒரு பகோடாவுக்குப் போனேன். செருப்பைக் கீழே விட்டுவிட்டு, பளிங்குத் தரையில் பேசிக்கொண்டே ஒரு சுற்று நடந்தேன். கூட வந்தவர்கள் ‘சுடுகிறது, சுடுகிறது’ என்று பாய் விரித்த பக்கம் ஓடினார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. நம் கால் உரமேறிய கால் என்று உள்ளுக்குள் பெருமையும் பட்டேன். இரவு என் மகள் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைக்கக் குனிந்தவள், என் உள்ளங்காலைப் பார்த்துக் கத்தினாள். பெருவிரலுக்குக் கீழே கோழிமுட்டை அளவுக்குக் கொப்புளம். அது ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. காலின் நரம்பு மரத்துப் போயிருந்ததை அன்றுதான் அறிந்தேன்.

அதிலிருந்து நாள் தவறாமல் இரவில் இதைச் செய்கிறேன். முக்காலியில் உட்கார்ந்து, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் படுக்கவைத்து, அதன் மேல் காலைத் தூக்கிப் பிடித்து, சார்ஜ் விளக்கின் வெளிச்சத்தில் உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். வெடிப்பு, சிவப்பு, கொப்புளம், நிறமாற்றம் ஏதாவது இருந்தால் மறுநாளே மருத்துவரிடம் போய்விடுவேன். கழுவும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்பதை முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மரத்த காலை நம்பவே கூடாது. வெந்நீரில் ஊறவைக்கக் கூடாது. துடைத்த பிறகு குதிகாலுக்குத் தேங்காயெண்ணெய் தடவலாம், ஆனால் விரலிடுக்கில் தடவக் கூடாது. காலையில் செருப்பை உதறிவிட்டு மாட்டுவதும் இதில் சேர்ந்ததுதான். ஒரு சிறு கல் போதும்.

செவிலித் தங்கை, தாழ்ப்பாள் போட்டதும் உங்கள் பாதத்தைக் கவனிக்கச் சொன்னார். நானாக இருந்தால் விளக்கு ஏற்றியதும் மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்து, இருவர் காலையும் ஒரே அமர்வில் முடித்துவிடுவேன். அவருக்குச் செய்வது கடமை, உங்களுக்குச் செய்வது ஆடம்பரம் என்று பிரித்துவைத்திருப்பதால்தான் உங்கள் பங்கு எப்போதும் தள்ளிப்போகிறது.

சிங்கப்பூர் மணி – பதில்

அக்கா, நான் வீட்டிலிருந்தபடியே சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். அவர்களுக்கு ஒன்பது மணி என்றால் நமக்கு ஏழரை. ஆகவே எனக்கும் தூக்கக் கணக்கு பெரிய கணக்குதான்.

ஒரு கேள்வி: நள்ளிரவில் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டி நிறையும்வரை என்ன செய்கிறீர்கள்? நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடத்தில் தொட்டி நிறைந்துவிடும். நான் படுக்கப் போகும்போது மணி மூன்றாகியிருக்கும். என் தூக்கத்தைக் கெடுத்தது மின்சாரம் என்று ஓராண்டு திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது தொட்டியில் மிதவை சுவிட்சு மாட்டிவிட்டேன். மோட்டாரின் சுவிட்சைப் போட்டபடியே விட்டுவிட்டால் மின்சாரம் வந்ததும் தானே ஓடும், நிறைந்ததும் தானே நிற்கும். மின்பணியாளர் ஒரு மணி நேரத்தில் மாட்டித் தந்தார். கீழ்த் தொட்டியிலிருந்து இறைப்பதாக இருந்தால் அதிலும் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் இல்லாமல் ஓடி மோட்டார் புகைந்துவிடும்.

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்கிறார்கள். அது உடைந்த நாளில் ஐந்து மணிக்கு எழுந்து ஆசனம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பொழுதைத் தூங்கியே கழித்துவிடுங்கள். மாலை நான்கு மணிக்குமேல் டீக்கடைப் பால்தேநீரையும் விட்டேன். குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகுமாம்.

அரிசிக்கடைப் பெரியம்மா – பதில்

தங்கச்சி, எல்லோரும் நீ என்ன செய்ய வேண்டும் என்றே எழுதுகிறார்கள். உன் மூத்த பையனுக்கு வயது பதினான்கு. அந்த வயதில் என் அண்ணன் கடையைத் திறந்து மூட்டை இறக்கினான். பையனின் லுங்கிக்கு நள்ளிரவில் நீ ஏன் இஸ்திரி போட வேண்டும்? துவைத்த கையோடு உதறி, மடிப்பு நேராகக் காயப்போட்டால் இஸ்திரியே வேண்டாம். அதையும் அவனே செய்யட்டும். நேரம் கிடைத்தால்தானே முகத்துக்குப் பூசுவதும் மூச்சை அடக்குவதும்.

நான்காம் மாடி, தம்வே – ஆறு வாரம் கழித்து

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. தாமதமாக வருவதற்கு மன்னிக்கவும். ஏதாவது நிலைத்த பிறகே எழுத வேண்டும் என்று இருந்தேன்.

பன்னிரண்டு வரிக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன். இப்போது சுவரில் எதுவும் இல்லை. காலையில் கெட்டிலை அடுப்பில் வைத்ததும், சமையலறைக் கதவின் நிலையில் கையை ஊன்றித் தோளைத் தளர்த்துகிறேன். தண்ணீர் கொதிக்கும்வரைதான், அதற்குமேல் ஒரு நொடியும் இல்லை. விளக்கு ஏற்றியதும் மாமியாரும் நானும் கால் பார்க்கிறோம். தாழ்ப்பாள் போட்டதும் பல். இடையில் உறவினர் திருமணத்துக்காக நான்கு நாள் மோல்மேன் போனபோது எல்லாம் நின்றது. திரும்பி வந்த இரவே, நான் மறந்திருந்தபோதும், மாமியார் கண்ணாடியைத் தரையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

ஈறில் கசிவு இரண்டு வாரத்துக்குப் பின்னும் கொஞ்சம் இருந்ததால் மருத்துவரிடம் சுத்தம் செய்துகொண்டேன், இப்போது இல்லை. சேற்றுப்புண் ஆறிவிட்டது, களிம்பை இன்னும் நிறுத்தவில்லை. வாத்தியார் ஐயா, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்: மூன்றாம் வாரம் மாமியாரின் இடது குதிகாலில் ஒரு வெடிப்பு ஆழமாகி ஈரம் கசிந்ததைக் கண்டோம். அவருக்கு வலியே இல்லை. மறுநாளே காட்டியதால் கட்டுப்போட்டு எளிதில் ஆறிவிட்டது.

மிதவை சுவிட்சு மாட்டியாயிற்று. சிங்கப்பூர்த் தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஆனால் ஃபோன் இப்போது இரவில் சமையலறையில்தான் சார்ஜ் ஆகிறது. பெரியம்மா, மூத்தவன் தன் லுங்கியையும் தம்பியின் லுங்கியையும் காயப்போடுகிறான். மடிப்பு நேராக இல்லை, நானும் கேட்பதில்லை.

நடை மட்டும் இன்னும் தொடங்கவில்லை. நான்கு மாடி ஏறி இறங்குவதை நடையாகக் கணக்கில் எடுக்கலாமா என்று செவிலித் தங்கை சொன்னால் தேவலை. தனக்கா விஷயத்தில் எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. நான் அரைப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், ‘கல்லைத் தேய்க்கிறாயா, கட்டையைத் தேய்க்கிறாயா’ என்று கேட்டு, மாமியார் வட்டக்கல்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.