ஃபாஸ்ட் லோக்கலும் ஃபாஸ்டிங்கும் ஒரே சொல்லா?

டோம்பிவலித் தம்பி:
மும்பை தாதரில் ஏறுகிற விரைவு லோக்கல் ரயிலும் ஃபாஸ்ட், சங்கடஹர சதுர்த்திக்குச் சாப்பிடாமல் இருப்பதும் ஃபாஸ்ட். இரண்டுக்கும் ஒரே வேர் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. நம்மிடம் ஓடுகிற ஆறும் எண்ணுகிற ஆறும் இருக்கிற மாதிரி, ஒலி ஒத்துப்போன தனித்தனிச் சொற்கள், அவ்வளவுதான்.

மாட்டுங்கா அக்கா:
எழுதியது நான்தான் தம்பி, ஒலியை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் முதல் பொருள் 'உறுதியான, அசையாத' என்பது. ஜெர்மனில் ஃபெஸ்ட் என்றால் இன்றைக்கும் அதேதான். விமானத்தில் சீட் பெல்ட்டை 'ஃபாஸன்' செய்யச் சொல்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம். துணிக்கடைக்காரர் புடவையை விரித்துப் போட்டு, முந்தானையை ஈரக் கையால் தேய்த்துக் காட்டி 'கலர் ஃபாஸ்ட்' என்றால் சாயம் போகாது என்று அர்த்தம். விரதமும் அப்படித்தான், சமய விதியை இறுகக் கடைப்பிடிப்பது என்று தொடங்கிச் சாப்பிடாமல் இருப்பதில் வந்து நின்றது. நாமும் நோன்பைப் 'பிடிக்கிறோம்' இல்லையா?

டோம்பிவலித் தம்பி:
நோன்பு சரி, விட்டுவிடுகிறேன். அசையாதது எப்படி அக்கா ஓடும்?

மாட்டுங்கா அக்கா:
'உறுதியாக' என்பது 'பலமாக, முழு மூச்சாக' என்று ஆனது, முழு மூச்சாக ஓடினால் அது வேகம்தானே. தமிழிலேயே பாருங்கள், கடுமை என்றால் இறுக்கம், ஆனால் கடுகி வந்தான் என்றால் விரைந்து வந்தான், சங்கப் பாட்டில் கடும்பரி என்றால் வேகமாக ஓடும் குதிரை.

தாராவி வாசகன்:
வேர் ஒன்று என்பதில் நான் அக்கா பக்கம், ஆனால் வந்த வழி வேறு. 'ஃபாஸ்ட் பை' என்று ஆங்கிலத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு, ஒட்டினாற்போல அருகில் என்று பொருள். துரத்துகிறவன் முன்னால் ஓடுபவனை விடாமல் ஒட்டியே ஓடுகிறான், வேகம் அங்கிருந்து வந்திருக்கும். ஜெர்மனில் 'ஃபாஸ்ட்' என்றாலே 'கிட்டத்தட்ட' என்றுதான் பொருள்.

மாட்டுங்கா அக்கா:
அதில் நெருக்கம் இருக்கிறது சார், வேகம் எங்கே இருக்கிறது? வேகத்துக்கு ஜெர்மானியர்கள் ஷ்னெல் என்று வேறு சொல்லையல்லவா வைத்திருக்கிறார்கள்.

டோம்பிவலித் தம்பி:
அப்படியானால் உங்கள் இருவர் வழியும் ஊகம்தான். பலமாக ஓடினான், விரைந்து ஓடினான் என்று இரண்டு விதமாகவும் படிக்க இடம் தருகிற பழைய ஆங்கில வரி ஒன்றை யாராவது எடுத்துப் போடுங்கள், அப்புறம் பேசுவோம்.