காய்ச்சல் விட்ட அன்றுதான் ஆபத்து வந்தது: டெங்கு அனுபவங்கள்

கடையநல்லூர்க்காரி:
2012-இல் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு டெங்கு. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. நான்கு நாள் அனலாய்க் கொதித்த உடம்பு ஐந்தாம் நாள் காலையில் தணிந்துவிடவே, என் மாமியார் அம்மனுக்கு முடிந்துவைத்த காசை உண்டியலில் சேர்க்கக் கிளம்பிவிட்டார். மகள் வயிறு வலிக்கிறது என்றாள்; மூன்று முறை வாந்தியும் எடுத்தாள். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதால்தான் என்று நானே காரணம் கற்பித்துக்கொண்டேன். பிற்பகலில் போர்வையை இழுத்துவிடப் போனபோது அவள் பாதம் மண்பானையைத் தொட்டதுபோல் சில்லிட்டிருந்தது. மருத்துவமனையில் இரத்த அழுத்தப் பட்டையைக் கழற்றியதும், அது இறுக்கிய இடத்தில் கேழ்வரகைத் தூவியதுபோல் செம்புள்ளிகள். பிழைத்துவிட்டாள். ஆனாலும் அந்தக் குளிர்ச்சி என் உள்ளங்கையை விட்டு இன்னும் போகவில்லை.

கொழும்புவாசி:
புள்ளிகளையே தேடிக்கொண்டிருப்பது வீண் என்பேன். 2017-இல், இலங்கையில் 1,80,000-க்கும் அதிகமானோர் டெங்குத் தொற்றுக்கு உள்ளான அந்த ஆண்டில், என் தம்பிக்கு ஒரு சொட்டுக் குருதியும் வெளியே வரவில்லை. தட்டணுக்கள் ஒரு இலட்சத்துக்கு மேல் இருக்கின்றன என்று நிம்மதியாக இருந்தோம். அதே அறிக்கையில் பி.சி.வி., அதாவது குருதியில் சிவப்பணுக்களின் விழுக்காடு, 41-இலிருந்து 50-க்கு ஏறியிருந்ததை வீட்டில் எவரும் கவனிக்கவில்லை. குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் சேர்ந்ததால்தான் குருதி அப்படித் தடித்திருக்கிறது என்பதை வைத்தியசாலையில் சொல்லித்தான் அறிந்தோம். மூச்சு வாங்கியபடி, “என்னைப் படுக்க வைக்காதேங்கோ” என்று அவன் சுவரில் சாய்ந்தே இருந்தான்.

ஓய்வுபெற்ற செவிலி, மதுரை:
உடல்வலிக்கு ஐபுரூஃபன் விழுங்கிவிட்டு வந்த ஓர் இளைஞரை மறக்க முடியவில்லை. தார்போல் கறுத்துப் போன மலத்தை, முந்தின நாள் தின்ற கீரையின் நிறம் என்றே அவர் நம்பியிருந்தார்; அது உள்ளே கசிந்த இரத்தம்.

கொழும்பு நண்பர் பி.சி.வி. பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. புள்ளி பார்ப்பது வீண் என்றதை மட்டும் ஏற்கமாட்டேன், வீட்டில் இருப்பவர்களின் கண்ணுக்குத் தெரிவது அதுதானே? யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் தணிந்த பிறகு வரும் ஓரிரு நாட்கள்தான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய நாட்கள். விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ கசியும் இரத்தம், வழக்கத்தை மீறிய மாதவிடாய்ப் போக்கு, காரணமற்ற எரிச்சல் அல்லது எழுப்பினாலும் எழாத சோர்வு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் பிரியாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு. ஆஸ்பிரின், ஐபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ஊசி எதுவும் கூடாது. இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும். நிலவேம்பு, பப்பாளி இலைச்சாறு பற்றி இங்கே சண்டை வேண்டாம்; அவற்றை நம்பி வீட்டிலேயே கிடப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

கடையநல்லூர்க்காரி:
சிறுநீர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் நினைவு வந்தது. பிள்ளை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாள் என்றுதான் மருத்துவர் முதலில் கேட்டார். மாமியார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.